கை ஊன்றாமல்

தேனியில் என் வீட்டு மொட்டைமாடியில் சித்திரை வெயிலுக்குத் தலையணைகளைக் காயப் போட்டிருந்தோம். பொழுது சாய எடுக்கப் போனேன். ஒன்றில் தையல் விட்டிருந்தது. இடுக்கு வழியாகப் பஞ்சு பிதுங்க, கூடவே அந்த மணமும் வந்தது. வெயில் ஏறிய இலவம்பஞ்சின் மணம். கடமலைக்குண்டில் வளர்ந்தவர்களுக்கு அதைச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை. பங்குனி பிறந்தால் ஊரே அதற்குள்தான் மூச்சுவிடும்.

எங்கள் பக்கத்து மலைச்சரிவுகளில் இலவ மரங்கள் நிறைய. மாசிக்குப் பிறகு காய் முற்றத் தொடங்கும். தொரட்டிக் கம்போடு ஆண்கள் மரமேறுவார்கள், கீழே பெண்கள் பொறுக்குவார்கள். சாக்குச் சாக்காகக் களத்துக்கு வரும். அங்கே வட்டம்கட்டி உட்கார்ந்து காய் உடைத்து, பஞ்சைப் பிரித்து, கொட்டையைத் தனியாக ஒதுக்குவார்கள். மூக்கில் துண்டு கட்டியிருந்தும் சாயங்காலத்துக்குள் எல்லோருக்கும் புருவம் நரைத்திருக்கும். இலவம்பஞ்சின் ஒவ்வோர் இழையும் உள்ளே குழல், குழலுக்குள் காற்று. மேலே மெழுகுப் பூச்சு இருப்பதால் தண்ணீர் ஒட்டாது. இரண்டாம் உலகப்போரில் கப்பல்காரர்களின் மிதவைச் சட்டைகளுக்குள் இதைத்தான் அடைத்தார்கள். எங்கள் வீட்டில் அது தலையணைக்குள் போனது.

காலையில் எழுந்து கழுத்தைத் திருப்ப முடியவில்லை என்றால் அப்பத்தா முதலில் சொல்வது, "தலகாணிய வெயில்ல போடுடா, கழுத்து தானா வழிக்கு வரும்." தலையை ஒருபக்கம் சாய்த்தபடியே பள்ளிக்கூடம் போவேன். சாயங்காலத்துக்குள் பாதி சரியாகியிருக்கும். ஆகவில்லை என்றால் மேலத்தெருவில் ஓர் அக்கா இருந்தாள். பிறக்கும்போது கால் முதலில் வந்தவள். அப்படிப் பிறந்தவர்கள் மிதித்தால் சுளுக்குப் போகும் என்பது ஊர் நம்பிக்கை. குப்புறப் படுக்கச் சொல்லி, பாதத்தால் தோள்பட்டையில் மெதுவாக ஏறி இறங்குவாள். வலியும் சுகமும் ஒன்றாக வரும்.

பின்னால் இயன்முறை மருத்துவம் படித்து, நூற்றுக்கணக்கான கழுத்துகளைத் தொட்ட பிறகு அந்த இரண்டு வைத்தியத்தையும் நான் மரியாதையோடுதான் நினைக்கிறேன். கழுத்திலிருந்து தோள்பட்டை எலும்பின் மேல்முனைக்கு இறங்கும் ஒரு தசை இருக்கிறது. அதற்கு மேலே, பின்மண்டையிலிருந்து முதுகின் பாதிவரை விரிந்த டிரபீசியஸ். தூக்கத்தில் தலை ஏறுக்குமாறாகக் கிடந்தால் இவை இறுகிப்போய் எலும்பை அசையவிடாமல் பிடித்துக்கொள்ளும். தண்டுவடம் மேலும் மேலும் "பிடி" என்றே உத்தரவு அனுப்பிக்கொண்டிருக்கும். அந்த உத்தரவு தளர ஒரு பகல் போதும், பல நேரம். மேலே ஒரு பாதத்தின் எடை மெதுவாக அழுத்தினால் சீக்கிரமே தளரும். வெயிலில் போட்ட தலையணையும் சும்மா இல்லை. கட்டிதட்டிப்போன பஞ்சு ஈரம் காய்ந்து உப்பும். அன்றிரவு தலைக்குக் கிடைக்கும் உயரமே வேறு.

அப்பத்தாவின் உடம்பை நான் படித்த பாடப்புத்தகங்கள் எல்லாவற்றுக்கும் முந்திய புத்தகம் என்று நினைத்துக்கொள்வேன். அறுபது தாண்டியும் களத்தில் குந்தி உட்கார்ந்து காலையிலிருந்து மதியம்வரை காய் உடைப்பாள். கஞ்சி குடிக்கச் சம்மணம் மாறுவாள். யாராவது கூப்பிட்டால் எழுந்து நிற்பாள். அந்த எழுந்து நிற்பதைத்தான் சொல்ல வேண்டும். கை தரையில் ஊன்றாது, முழங்காலைப் பிடிக்காது, பக்கத்தில் இருப்பவர் தோளைத் தேடாது. மடித்த இரண்டு காலும் ஒன்றையொன்று குறுக்கே தாண்டியிருக்க, உடம்பை முன்னால் ஓர் அங்குலம் சாய்ப்பாள், அவ்வளவுதான், நின்றிருப்பாள். மடியில் இருந்த பஞ்சுகூடச் சிதறாது.

அதற்குள் எவ்வளவு வேலை நடக்கிறது! உடம்பின் எடை பாதங்களுக்கு மேலே வந்ததும் தொடையின் முன்பக்கத்து நான்கு தலைத் தசை, குவாட்ரிசெப்ஸ், முழங்காலை நிமிர்த்துகிறது. தொடை நரம்பு அதற்கு உத்தரவு கொடுக்கிறது. உடம்பிலேயே பெரிய தசையான பிட்டத் தசை இடுப்பை நிமிர்த்துகிறது. அதே நொடியில் கெண்டைக்கால் தசைகள் கணுக்காலைச் சாயவிடாமல் பிடிக்கின்றன. முதுகெலும்பின் இரண்டு பக்கமும் ஓடும் நீளமான தசைகள் முதுகைக் காக்கின்றன. ஒன்று சுருங்கும்போது எதிர்த்தசை எந்த அளவு விட்டுக்கொடுக்க வேண்டும் என்பதுவரை தண்டுவடத்திலேயே கணக்கு முடிகிறது. அப்பத்தாவுக்கு இதில் ஒரு பெயரும் தெரியாது. "எந்திரிக்கணும்னு நெனச்சா எந்திரிக்கிறதுதான், இதுல என்னடா இருக்கு" என்பாள்.

பிரேசிலின் ரியோ டி ஜெனிரோ நகரத்து மருத்துவர்கள் 51 முதல் 80 வயது வரையிலான 2,002 பேரைத் தரையில் உட்கார்ந்து எழச் சொன்னார்கள். கையையோ முழங்காலையோ ஒவ்வொரு முறை ஊன்றும்போதும் ஒரு மதிப்பெண் குறையும். 10-க்கு எத்தனை வருகிறது என்று குறித்துக்கொண்டு, அவர்களைச் சில ஆண்டுகள் பின்தொடர்ந்தார்கள். மதிப்பெண் குறைந்தவர்களிடையே இறப்பு கூடுதலாக இருந்தது. 2012-இல் அந்த ஆய்வு வெளியானது. படித்தபோது எனக்கு ரியோ கண்ணில் படவில்லை, களம்தான் தெரிந்தது. அங்கே உட்கார்ந்திருந்த பெண்கள் அத்தனை பேரும் அந்தத் தேர்வை ஒரு நாளில் எத்தனையோ தடவை எழுதி, முழு மதிப்பெண் வாங்கிக்கொண்டிருந்தவர்கள்.

இப்போது என்னிடம் வருகிறவர்களில் நாற்பது வயதுக்காரர்களே தரையில் உட்காரச் சொன்னால் சுவரைத் தேடுகிறார்கள். ஊரில் வீட்டுக்கு வீடு பிளாஸ்டிக் நாற்காலி வந்துவிட்டது. கல்யாண மண்டபத்தில் பந்திப்பாய் போய் மேசை வந்தது; பெரியவர்கள்தான் கேட்டு வாங்கினார்கள். கழிப்பறையும் நாற்காலி உயரத்துக்கு ஏறிவிட்டது. ஒவ்வொன்றும் யாரோ ஒருவருடைய வலிக்கு மருந்தாகத்தான் வந்தது, அதைக் குறைசொல்ல மாட்டேன். ஆனால் வலி இல்லாதவர்களும் தரையை விட்டுவிட்டார்கள். பயன்படுத்தாத தசை இளைக்கும், பயன்படுத்தாத மூட்டு தன் எல்லையைச் சுருக்கிக்கொள்ளும். குழந்தைகளாவது தரையில் உட்கார்ந்து சாப்பிடட்டும் என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறேன், சொல்லிக்கொண்டே இருப்பேன்.

எங்கள் ஊரை ஒட்டி ஓடுவது மூல வைகை. ஓடுகிறது என்பதைவிட மணலாகக் கிடக்கிறது என்பது வருடத்தில் பல மாதங்களுக்குப் பொருந்தும். மணலைத் தோண்டி ஊத்து எடுத்து, சிரட்டையால் தண்ணீர் மொண்டு குடத்தை நிரப்புவார்கள். அம்மாவும் சித்தியும் தலையில் ஒன்று, இடுப்பில் ஒன்று என்று சுமந்து வருவார்கள். தலைக்குச் சும்மாடு. பழைய சேலைத் துணியைச் சுருட்டி வட்டமாக்கிய அதன் மேல் குடம் உட்கார்ந்துவிட்டால், பிறகு கை பிடிக்க வேண்டியதில்லை. மணலில் கால் புதையும், உடம்பு ஆடும், குடத்துத் தண்ணீர் ஆடாது.

இடுப்புக் குடம் வலப்பக்கம் என்றால், இடது பக்கத்து இடுப்புத் தசைகள் இறுகி உடம்பைச் சாயவிடாமல் இழுத்துப் பிடிக்கும். ஒற்றைக் காலில் எடை இருக்கும் ஒவ்வொரு கணமும் இடுப்பின் வெளிப்பக்கத்துத் தசை மற்றப் பக்கத்தைத் தூக்கி நிறுத்தும். தலைச்சுமைக்கு வேறு கணக்கு. கென்யாவின் லுவோ, கிக்குயு இனப் பெண்களை ஆராய்ந்து 1986-இல் ஒரு கட்டுரை வந்தது. தங்கள் எடையில் ஐந்தில் ஒரு பங்கு வரை தலையில் சுமக்கும்போது, வெறுங்கையோடு நடப்பதைவிடக் கூடுதல் சக்தி எதையும் அவர்கள் செலவழிக்கவில்லை. சிறுவயது முதல் சுமந்து பழகிய நடைதான் காரணம். எங்கள் ஊத்துக்கரையில் யாரும் அப்படி அளந்து பார்த்ததில்லை. அளந்திருந்தால் அம்மாவும் கிட்டத்தட்ட அந்தக் கணக்குக்குள் வந்திருப்பாள் என்பது என் எண்ணம்.

ஒருநாள் கரையேறும் இடத்தில் சித்தியின் வலது காலில் கருவேலமுள் ஏறியது. நான் பின்னால் வந்துகொண்டிருந்தேன். கால் சட்டென்று மேலே வந்தது. இடது கால் அந்த நொடியே தூணாக இறுகி நின்றது. இரண்டு குடமும் அப்படியே இருந்தன. அதன்பிறகுதான் "ஸ்ஸ்" என்ற சத்தம். இந்த வரிசையை ஆராய்ந்து விளக்கியவர் இங்கிலாந்தின் சார்லஸ் ஷெரிங்டன். நரம்பணுக்களின் வேலை பற்றிய கண்டுபிடிப்புகளுக்காக 1932-இல் நோபல் பரிசு பெற்றார். முள் குத்திய செய்தி தண்டுவடத்துக்குப் போகும். அங்கிருந்தே "இந்தக் காலை இழு, அந்தக் காலை இறுக்கு" என்று இரண்டு உத்தரவு திரும்பிவிடும். மூளைக்குத் தகவல் போவது பிறகு. உத்தரவு கொண்டுவரும் நரம்பிழைகளில் வேகமானவை நொடிக்கு நூறு மீட்டருக்கு மேல் ஓடும். விண்விண்ணென்று நீடிக்கும் வலியைச் சுமக்கும் மெல்லிய இழைகள் நொடிக்கு ஒரு மீட்டர் அளவில்தான் நகரும். சித்தி அன்று குடத்தை இறக்கி வைத்துவிட்டு, ஊக்கால் முள்ளைக் கிளறி எடுத்து, மறுபடி தூக்கிக்கொண்டு நடந்தாள்.

அந்த நடையின் அழகைச் சொல்லும்போதே இதையும் சொல்ல வேண்டும். முப்பது வருடம் குடம் சுமந்த பெண்களின் கழுத்தெலும்பு படங்களை நான் பார்த்திருக்கிறேன். எலும்பு தேய்ந்து நரம்பு வெளிவரும் துளை குறுகிப்போய், கை முழுக்க மதமதவென்று இருப்பவர்கள் எத்தனையோ பேர். வாசலில் குழாய் வந்தது நல்லது. அது நின்றுபோகாமல் வரவேண்டும்.

ஊரில் கடைசியாகக் கமலை இறைத்த கிணறு எங்கள் பெரியப்பாவுடையது. மோட்டார் வந்துவிட்ட காலம். இரண்டு கோடை மட்டும் ஏதோ காரணத்துக்காக மறுபடி மாடு பூட்டினார். பின்னால் கல்லூரியில் மனிதக் கையைத் திறந்து காட்டியபோது எனக்குச் சட்டென்று ஞாபகம் வந்தது அந்தக் கமலைதான். விரலுக்குள் தசையே இல்லை. விரலை மடக்கும் பெரிய தசைகள் எல்லாம் முழங்கைக்குக் கீழே, முன்கையில் இருக்கின்றன. அங்கிருந்து வெள்ளையான தசைநாண்கள் மணிக்கட்டைக் கடந்து, விரலெலும்பை ஒட்டிய சின்னச் சின்ன வளையங்களுக்குள் நுழைந்து நுனிவரை போகின்றன. வாரியில் மாடு இறங்குகிறது, கிணற்றுக்குள் சால் ஏறுகிறது. நடுவில் உருளையில் ஓடும் வடக்கயிறு. நம் கை அப்படித்தான் வேலை செய்கிறது. முன்கையை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டு விரல்களை ஆட்டிப் பாருங்கள், மாடுகள் நடப்பது உள்ளங்கைக்குத் தெரியும்.

பலத்துக்கு அந்தப் பெரிய தசைகள் போதும். பூக்கட்ட அவை போதாது. நாரை இரண்டு விரலில் சுற்றி, பூவை இணை இணையாக வைத்து, முடிச்சு விழுவதைப் பார்க்காமலேயே கட்டிக்கொண்டு போவார்களே, அதற்கு உள்ளங்கைக்குள் இருக்கும் சின்னத் தசைகள் வேண்டும். அவற்றில் பெரும்பாலானவற்றை ஆளுவது அல்நார் நரம்பு. முழங்கையின் உள்பக்கம் எங்காவது இடித்துக்கொண்டால் சுண்டுவிரல்வரை "கரண்டு" அடிக்குமே, அது அந்த நரம்புதான். அந்த இடத்தில் அதற்குத் தசையின் பாதுகாப்பு இல்லை. தோலுக்கு அடியிலேயே, எலும்பின் பள்ளத்தில் கிடக்கிறது.

சந்தை நாளில் எங்கள் ஊருக்கு ஒரு பெரியவர் வருவார். கை விரல்கள் உள்நோக்கி வளைந்து கொக்கியாகிவிட்டிருக்கும். குஷ்டம் என்று ஒதுங்கிப் போவார்கள். காசைக் கையில் கொடுக்காமல் துண்டில் போடுவார்கள். அப்பத்தா மட்டும் வெற்றிலை மடித்து அவர் கையிலேயே வைப்பாள். அந்தக் கொக்கி விரல்களுக்கிடையில் வெற்றிலை நிற்காது, நழுவும். அவள் மறுபடி எடுத்து வைப்பாள். விரல் அழுகி மடங்கிவிட்டது என்றுதான் ஊரில் பேசிக்கொண்டோம்.

அது விரலின் நோயே இல்லை என்பது வேலூர் கதையைப் படித்தபோது தெரிந்தது. கொல்லிமலையில் 1914-இல் மிஷனரிகளின் மகனாகப் பிறந்தவர் பால் பிராண்ட். அறுவை மருத்துவம் படித்து வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தவர், 1947-இல் செங்கல்பட்டுத் தொழுநோய் இல்லத்தைப் பார்க்கப் போனார். அங்கே விரல் வளைந்த ஒரு நோயாளியின் கைக்குள் தன் கையைக் கொடுத்து அழுத்தச் சொன்னார். பிடி இரும்பாக இருந்தது. வலி தாங்காமல் பிராண்டே விடச் சொல்ல வேண்டியதாயிற்று. செத்த கை என்று எல்லோரும் நினைத்த கையின் முன்கைத் தசைகள் முழு பலத்தோடு இருந்தன! நோய் பிடித்திருந்தது நரம்பை. அதுவும் உடம்பின் குளிர்ந்த, மேலோட்டமான இடங்களில், முழங்கைக்கு அருகே. அதற்கு மேலேயே கிளை பிரிந்துபோன தசைகள் பிழைத்துக்கொண்டன, கீழே உள்ளங்கைக்குப் போகும் கிளைகள் இறந்தன. அப்படியானால் பிழைத்திருக்கும் தசை ஒன்றின் நாணை எடுத்து, இறந்துபோன தசையின் வேலைக்கு மாற்றிக் கட்டினால் என்ன? வேலூரில் அதைச் செய்து காட்டினார்கள். விரல்கள் நிமிர்ந்தன.

மாற்றிக் கட்டியதும் கை தானாக வேலை செய்துவிடாது என்பதுதான் எனக்கு இதில் பெரிய பாடம். இதுவரை விரலை மடக்கிய தசைக்கு, இனி உன் வேலை வேறு என்று மூளை புதிதாகச் சொல்லிப் பழக வேண்டும். அந்தப் பழக்கத்தை நாள் கணக்கில் கூட இருந்து கொடுப்பவர்கள் இயன்முறை மருத்துவர்கள். அதே கல்லூரியில் படித்த மேரி வர்கீஸ், 1954-இல் விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டு இரண்டு காலும் செயலிழந்த பிறகு, சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே இந்தக் கைகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்தார். 1966-இல் வேலூரில் மறுவாழ்வு மையத்தையும் தொடங்கினார். நான் இந்தத் தொழிலில் இருப்பதற்கு அவரைப் படித்ததும் ஒரு காரணம். சந்தைக்கு வந்த பெரியவருக்கு வேலூர் எட்டவில்லை.

நரம்பு நன்றாக இருந்து, தசையும் நன்றாக இருந்து, இரண்டுக்கும் நடுவில் பேச்சு அறுந்துபோவதும் உண்டு. மலையடிவாரத் தோட்டத்துக் குடிசையில் தரையில் படுத்திருந்த ஓர் உறவுக்காரப் பையனைக் கட்டுவிரியன் கடித்தது. கடிபட்டதே அவனுக்குத் தெரியவில்லை. அதன் கடியில் வலியோ வீக்கமோ அதிகம் இருக்காது. விடியற்காலையில் வயிறு வலிக்கிறது என்றான். கொஞ்ச நேரத்தில் இமை இறங்கியது. "தூக்கம் பத்தல, கண்ணு சொருகுது" என்று அவன் அம்மா நினைத்தாள். பிறகு எச்சில் விழுங்க முடியவில்லை. அப்போது அங்கிருந்து தார்ச்சாலை வரவே வெகுநேரமாகும். தூளி கட்டித் தூக்கி வந்து, ஜீப் பிடித்து மதுரைக்குக் கொண்டுபோனார்கள்.

நரம்பின் நுனியும் தசையும் தொட்டுக்கொள்வதில்லை. நடுவில் ஓர் இடைவெளி, ஒரு மில்லிமீட்டரில் சுமார் இருபதாயிரத்தில் ஒரு பங்கு. உத்தரவு வந்ததும் நரம்பு நுனி அசிட்டைல்கோலின் என்ற பொருளை அதில் விடும். அது தசையைத் தொட்டதும் தசை சுருங்கும். கட்டுவிரியன் விஷம் அந்த நுனியையே சிதைக்கிறது. முதலில் இமை, பிறகு நாக்கு, தொண்டை, கடைசியில் மூச்சை இழுக்கும் உதரவிதானம். நினைவு மட்டும் இருக்கும், விரலை அசைக்க முடியாது. சிதைந்த நுனியை விஷமுறிவு மருந்து சரிசெய்யாது. சுற்றும் விஷத்தைப் பிடித்து மேலும் சிதையாமல் தடுக்கும். நரம்பு மறுபடி நுனி வளர்க்கும்வரை யாராவது அவனுக்காக மூச்சுவிட வேண்டும். அவனுக்கு மூச்சுப்பையை ஆள் மாற்றி ஆள் அழுத்தினார்கள், பிறகு இயந்திரம் கிடைத்தது. சில நாள் கழித்து முதலில் அசைந்தது கால் கட்டைவிரல். இன்று அவன் டிராக்டர் ஓட்டுகிறான்.

அந்த மருந்துக்கு விஷம் எடுத்துக் கொடுப்பவர்களில் முக்கியமானவர்கள் நம் இருளர்கள். மாமல்லபுரம் பக்கத்தில் வடநெம்மேலியில் 1978 முதல் அவர்களுடைய கூட்டுறவுச் சங்கம் இயங்குகிறது. எங்கள் தோட்டத்துக் குடிசைகளில் கயிற்றுக்கட்டிலும் கொசுவலையும் வந்த பிறகு இந்தக் கடி குறைந்தது. தரையில் உட்காருங்கள் என்று சொல்கிற நான், காட்டுக் குடிசையில் தரையில் படுக்காதீர்கள் என்றும் சொல்வேன்.

கரண்டு போன இரவுகளில் அப்பத்தா விளக்கைத் தேடி எழுவாள். நாங்கள் எல்லாம் இருந்த இடத்தில் இருப்போம். அவள் அடுப்படிக்குப் போய், மாடத்தில் கையை நீட்டி, தீப்பெட்டியை எடுத்துச் சிம்னியை ஏற்றிக்கொண்டு வருவாள். ஒரு பாத்திரம் உருளாது. கண்ணுக்கு வேலையில்லாத அந்த நடைக்குப் பின்னால் தசைக்குள்ளேயே புதைந்த சிறிய உணர்கருவிகள் இருக்கின்றன. எந்தத் தசை எவ்வளவு நீண்டிருக்கிறது, மூட்டு எந்தக் கோணத்தில் இருக்கிறது என்று நொடிக்கு நொடி அவை மேலே சொல்லிக்கொண்டிருக்கும். இங்கிலாந்தில் இயன் வாட்டர்மேன் என்பவருக்கு 1971-இல், 19 வயதில், ஒரு காய்ச்சலுக்குப் பின் கழுத்துக்குக் கீழே இந்தச் செய்திகள் அத்தனையும் நின்றுபோயின. தசையில் பலம் குறையவில்லை. ஆனால் கை எங்கே இருக்கிறது என்று கண்ணால் பார்த்தால்தான் தெரியும். உட்கார, நிற்க, நடக்க ஒவ்வொன்றையும் பார்வையாலேயே மறுபடி கற்றுக்கொண்டார். விளக்கு அணைந்தால் விழுந்துவிடுவார். அவரைப் பற்றிப் படித்த இரவு அப்பத்தாவின் சிம்னி நடை எனக்கு வேறாகத் தெரிந்தது. மனித மூளையில் உள்ள சுமார் 8,600 கோடி நரம்பணுக்களில் ஏறத்தாழ 6,900 கோடி பின்மண்டையில் இருக்கும் சிறுமூளையில்தான் இருக்கின்றன. அசைவுகளைச் சீர்செய்வதும் பழக்கமாக்குவதும் அதன் பெரிய வேலை. அவளுடைய சிறுமூளையில் எங்கள் அடுப்படி முழுசாக இருந்திருக்கும்.

தேனியிலிருந்து எங்கள் ஊர் பஸ்ஸில் ஏறினால் க.விலக்கில் அரசு மருத்துவக் கல்லூரி வரும். நான் படிக்கும் காலத்தில் அது கிடையாது. மாமாவுக்குப் பக்கவாதம் வந்தபோது நல்லவேளையாக அந்தத் தூரத்தில் ஆஸ்பத்திரி இருந்தது. மூளையின் இடப்பக்கத்தில் ரத்தம் அடைபட்டு, வலது கை கால் விழுந்துவிட்டன. கால் சீக்கிரம் எழுந்துகொண்டது. கை வரவில்லை. விரல்கள் உள்ளங்கைக்குள் மடங்கி இறுகின. மடக்குவது எளிது, திறப்பதுதான் கடினம். மூளை விடும் கட்டளை பலவீனமாகும்போது மடக்கும் தசைகள் ஆதிக்கம் செலுத்திவிடும்.

ரப்பர் பந்து கொடுத்தேன். இரண்டு நாள் அழுத்திவிட்டு மாமா அதைப் பேரனிடம் கொடுத்துவிட்டார். "சின்னப்புள்ள சாமானு மாப்ள இது." அவர் சொன்னது நியாயம். அறுபது வருடம் விவசாயம் பார்த்த கைக்கு அந்தப் பந்தோடு எந்தச் சம்பந்தமும் இல்லை. மறுநாள் அத்தை மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள். ஒரு கை மொச்சையை எடுத்து அவர் முன்னால் போட்டேன். இடது கையை வேலைசெய்ய விடாமல் துண்டால் தளர்வாகக் கட்டினோம். நல்ல கையைக் கட்டிவைத்து நோயுற்ற கையை வேலை வாங்கும் முறையை எட்வர்ட் டாப் என்ற அமெரிக்க ஆய்வாளர் உருவாக்கினார். பக்கவாதம் வந்த 222 பேரிடம் நடந்த சோதனையில் அது பலன் தந்ததை 2006-இல் வெளியிட்டார்கள். புதிதாகத் தசை முளைப்பதில்லை. மூளையில் பிழைத்திருக்கும் பக்கத்து இடங்கள் பழைய வேலையை மெல்ல மெல்ல ஏற்றுக்கொள்கின்றன. அதற்கு நூறு தடவை, ஆயிரம் தடவை செய்யவேண்டும். நூறு தடவை பந்து அழுத்தச் சலிக்காத மனிதர் யார்? ஒரு முறம் மொச்சை இருந்தால் அது முடியும்வரை உட்காருவார்கள்.

முதல் நாள் ஒரு காய்கூடப் பிளக்கவில்லை. கட்டைவிரல் நகத்தைக் காயின் முதுகில் வைக்கவே வியர்த்துவிட்டது. அத்தை எழுந்து அந்தப் பக்கம் போய்விட்டாள். வாரங்கள் போயின. நகம் ஊன்றியது. பிறகு தோல் பிளந்தது. ஒரு நாள் பயறு முறத்தில் விழுந்த சத்தத்தை அடுப்படியிலிருந்து கேட்டுவிட்டு அத்தை ஓடிவந்தாள். அதற்கப்புறம் அவள் யாருடைய உதவியையும் கேட்பதில்லை. மொச்சை, அவரை, கொத்தமல்லித்தழை ஆய்வது எல்லாம் மாமாவின் திண்ணைக்கே போய்விடுகின்றன. என்னிடம் வரும் மற்றவர்களிடமும் முதலில் நான் கேட்பது, உங்கள் கை வாழ்நாளில் என்ன வேலை செய்தது என்பதுதான். நெசவாளிக்கு நூலைக் கொடுக்கிறேன். சமையல் செய்தவளுக்குப் பிசைகிற மாவு.

இப்போது மாமாவுக்கு ஒரே கேள்விதான். "வேட்டிய எப்ப மாப்ள மடிச்சுக் கட்டுறது?" லுங்கியை இடுப்பில் செருகி, பெல்ட் போட்டுவிட்டு அத்தை அனுப்புவது அவருக்குப் பிடிக்கவில்லை. அவர் கேட்பது சின்ன வேலை இல்லை என்று நான் உட்கார்ந்து பிரித்துச் சொன்னேன். குதிகாலால் வேட்டியின் ஓரத்தைப் பின்னால் தூக்கிவிட வேண்டும். முழங்காலை மடக்கும் தொடைப் பின்தசைகள், அவற்றுக்கு சயாட்டிக் நரம்பு. அந்த நேரம் இன்னொரு காலில் முழு உடம்பும் நிற்க வேண்டும். தூக்கிய ஓரத்தைக் குனியாமல், பார்க்காமல் கை பிடிக்க வேண்டும். பிடிக்கிற கை அதற்கு முன்பே திறந்திருக்க வேண்டும், அதுதான் நமக்கு இன்னும் வராதது. பிறகு இரண்டு கையும் ஒரே நேரத்தில் முன்னால் வந்து, மடித்து, செருகி, முடிச்சுப் போட வேண்டும்.

முழுசையும் கேட்டுவிட்டு, "கால் ரெடியா இருக்கு, கையத்தான் நீ பாத்துக்கணும்" என்றார். திண்ணைத் தூணில் இடது கையை வைத்துக்கொண்டு குதிகாலைத் தூக்கிக் காட்டினார். வேட்டி ஓரம் முழங்கால்வரை வந்தது. அதைப் பிடிக்க வலது கை புறப்பட்டு, விரல் திறப்பதற்குள் துணி கீழே விழுந்துவிட்டது. மறுபடி தூக்கினார். சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் இருபது தடவை, நடுவில் ஓய்வு, அத்தை பக்கத்தில் நிற்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். அடுத்த வாரம் போய்ப் பார்க்க வேண்டும்.